ஒரு பிடி முன்னால், ஒரு பிடி பின்னால்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மசாலா அரைத்துக் கொடுக்கும் ஒரு மில்லைப் பற்றி எழுதுகிறேன். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒன்றைப் பிடித்து வைத்ததற்குக் காரணம், அங்கே உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. ஒன்றரை மணி நேரம் நின்றேன், அதில் பாதி நேரம் தும்மினேன். தூளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கடையின் பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "மில்லு" என்றுதான் சொல்கிறார்கள். லெபு பசாரில் துணிக்கடைகளின் பாட்டுச் சத்தத்தைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பினால், அப்புறம் மூக்கே வழி சொல்லும்.

காரில் போகாதீர்கள். சனிக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் இரண்டு கிலோ அரைத்து முடித்துவிடலாம். நான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருப்பதால் ஃபெர்ரியில் போனேன். 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புது ஃபெர்ரியில் கார் ஏறாது, ஆளும் மோட்டாரும் மட்டும்தான். மல்லிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா மோந்து பார்த்துவிட்டு, கெத்தும்பார்தானே (மலாயில் மல்லி) என்று கேட்டுச் சிரித்தார்.

இதே கடலை இதே மாதிரிப் பையோடு எத்தனையோ தடவை அம்மாயியுடன் கடந்திருக்கிறேன். அம்மாவின் அம்மா. 2020 கடைசியோடு நிறுத்திவிட்டார்களே, அந்தப் பழைய கார் ஃபெர்ரி. அதில் பட்டர்வொர்த்தில் ஏறும்போது மட்டும்தான் காசு, தீவிலிருந்து திரும்புவதற்குக் காசு கிடையாது. ஏன் அப்படி என்று சின்ன வயதில் கேட்டேன். "போறவன் வீட்டுக்குத் திரும்பி வந்துதானே ஆகணும், அதான் முன்னாடியே வாங்கிக்கிறான்" என்றார் அம்மாயி. 1985-இல் பாலம் திறந்த பிறகும் அவர் ஃபெர்ரியை விடவில்லை. பாலத்தில் போகக் கார் வேண்டும், எங்களிடம் ஏது கார்? 1988-இல் பட்டர்வொர்த் துறைமுகத்து மேல்தளம் இடிந்து 32 பேர் செத்தபோது, இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அம்மா கத்தினார். எனக்கு அப்போது பத்து வயது. ஃபெர்ரி மறுபடி ஓடத் தொடங்கியதும் அம்மாயி மிளகாயைக் காயவைக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, மில்லுக்கு வருகிறேன். உள்ளே இரண்டு மெஷின். ஒன்று அரிசி, உளுந்துக்கு. மற்றது மசாலாவுக்கு மட்டும். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வேறொரு மில்லில் பையைக் கொடுத்தால், "நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க" என்பார்கள். ஒரு தடவை அப்படி வாங்கி வந்த தூளில் யார் வீட்டுக் காய்ந்த இறால் வாடையோ அடித்தது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. பையை வைத்துவிட்டுப் போகிறேன் என்றாலும் மில்லுக்கார அங்கிள் விடமாட்டார். எழுபது வயதிருக்கும், ஒல்லி உடம்பு, புருவமெல்லாம் மஞ்சள். "நின்னு வாங்கிட்டுப் போங்கம்மா. அப்புறம் நீங்களும் சந்தேகப்பட வேணாம், நானும் பதில் சொல்ல வேணாம்" என்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாயி பேசுவது போலவே இருந்தது.

அம்மாயி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்னால் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), இருட்டோடு மர நிரைக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்தில் கட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) நிறுத்துப் பார்ப்பார். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்க விடுவார்கள். அது காட்டுகிற எண்ணைப் பொறுத்துத்தான் கூலி. மற்ற பெண்கள் வாளியை வைத்துவிட்டுக் கை கழுவப் போவார்களாம். அம்மாயி நகர மாட்டார். எழுத்து தெரியாது, எண் தெரியும். கிராணி புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை அவர் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

"கிராணி திருடனா, அம்மாயி?" என்று கேட்டேன்.

"ச்சீ, நல்ல மனுசன். நான் நிக்கிறேன்னா மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் பாப்பாரு. நிக்கலன்னா தொடைக்காமப் பாப்பாரு. அவ்வளவுதான்."

1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டப் பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்) வாங்கிப் பங்கு சேர்த்தார்கள் அல்லவா? அம்மாயியும் கட்டினார். அந்த ரசீதில் எண் எழுதுவதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் பணத்தின் மேலிருந்து கையை எடுத்தாராம். அந்தக் காலத்தில் பத்து வெள்ளி என்பது எத்தனை நாள் பால் என்று அவருக்குத் தெரியும். என் வேலையும் பிறை தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாடு. இருபது வருடமாக மெஷின் பக்கத்தில் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தப் பொருத்தம் இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை, மில்லில் தும்மிக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றியது.

அங்கிள் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். பையைப் பிரித்ததும் ஒரு மிளகாயை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார். சட்டென்று சத்தம் வந்தால் காய்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் மிளகாய் வளைந்தது, ஒடியவில்லை. "இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்த காசை வேண்டாம் என்கிற கடை இப்போது எங்கே இருக்கிறது? அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிப்போனதும் உண்மை. ஜூருவிலிருந்து வந்திருக்கிறார், பாவம். முன்கூட்டிச் சொல்ல ஒரு போன் நம்பராவது ஒட்டி வைக்கலாம்.

விரலி மஞ்சளை முழுசாக மெஷினில் போட விடமாட்டார். மூலையில் ஓர் இரும்பு உரல் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பி அதில் இடித்து நொறுக்குகிறார் (அவருடைய தமிழ் என் மகனுடைய தமிழைவிட நன்றாக இருக்கிறது). முதல் ஓட்டம் கரகரப்பாக வரும். அதை அகலமான தட்டில் கொட்டி ஆறவிட்டுவிட்டு, கல்லை நெருக்கி வைத்து மறு ஓட்டம் விடுகிறார். இந்த ஆறவிடுகிற நேரம்தான் காத்திருப்பவர்களுக்குக் கடுப்பு. ஆனால் சூட்டோடு சூடாக அரைத்தால் வாசனையில் பாதி மில்லிலேயே தங்கிவிடும். மெஷின் வாயில் கட்டியிருக்கிற துணிக்குழாயைக் குச்சியால் தட்டித் தட்டி இறக்குகிறார். தூள் கையில் விழுந்தபோது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் அடைக்க வேண்டாம் என்று அங்கிள் சொன்னார். எனக்கு அது தெரியும். அம்மாயி தமிழ் நேசன் பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் வெள்ளைத் துணி போட்டுத் தூளைப் பரப்புவார். சூடாக இருப்பதற்கு மூடி போட்டால் உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். 1996-இல் வீட்டுப் பத்திர விஷயத்தில் அம்மாவும் பெரியம்மாவும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். உடனே உட்காரவைத்துப் பேசி முடிக்கலாம் என்று மாமா துடித்தார். "சூடா இருக்கு, இப்ப மூடி போடாத" என்றார் அம்மாயி. ஒன்பது நாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பத்தாவது நாள் இரண்டு பேரையும் மீன் ஆயக் கூப்பிட்டார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றது. அம்மாயியும் அதே வருடம்தான் போனார், 81 வயதில். நான் இப்போது காக்கித்தாள் விரிக்கிறேன்.

இனிமேல் என் அசட்டுத்தனம்.

2003-இல் ஒரு நாள், அம்மாயி சொல்லச் சொல்லக் கறித்தூள் கணக்கைப் பள்ளி நோட்டில் எழுதி வைத்தேன். அம்மாயி இருக்கும்வரை அந்த நோட்டைத் திறக்க அவசியம் வரவில்லை, தூள் அவரிடமிருந்தே ஹார்லிக்ஸ் போத்தலில் வந்துவிடும். அவர் போன பிறகு நானே அரைக்க ஆரம்பித்தேன். ஆறு வருடமாக அரைக்கிறேன், ஒரு தடவைகூட அந்த வாசனை வரவில்லை. சீரகம் தூக்கலாக, லேசாகக் கசந்துகொண்டு, குழம்பு வேறு கூழ் மாதிரித் திரண்டுகொண்டு வரும். அது அம்மாயியின் கைப்பக்குவம், நமக்கு எங்கே வரப்போகிறது என்று வீட்டில் எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். என் கணவர் ஒருபடி மேலே போய் இதுவும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி, கூடுதலாகச் சோறு கேட்காமல் எழுந்துவிடுவார்.

அங்கிள் நோட்டைக் கேட்டார். காட்டினேன். மல்லி ரெண்டு கட்டி. மிளகாய் ஒரு கட்டி. சீரகம் அஞ்சு தாயில், சோம்பு அஞ்சு தாயில், மிளகு மூணு, மஞ்சள் ரெண்டு, வெந்தயம் ஒண்ணு. கடைசியில் அரிசி ரெண்டு பிடி. (கட்டியும் தாயிலும் பழைய எடைக் கணக்கு.)

"கட்டிக்கு எவ்வளவு போட்டீங்க?"

"அரைக்கிலோ, அங்கிள்."

"தாயிலுக்கு?"

"ஐம்பது கிராம்."

அவர் சிரிக்கவில்லை. மிளகாய்த்தூள் படிந்த விரலால் தாயில் கணக்கை மட்டும் கூட்டினார். அஞ்சு, அஞ்சு, மூணு, ரெண்டு, ஒண்ணு. "பதினாறு. பதினாறு தாயில் ஒரு கட்டி. உங்க பாட்டி கணக்கு என்ன தெரியுமா? மல்லி ரெண்டு, மிளகாய் ஒண்ணு, மத்த சாமான் எல்லாம் சேர்ந்து ஒண்ணு. மொத்தம் நாலு கட்டி. தராசே வேணாம், அவ்வளவு சுத்தமா இருக்கு."

ஒரு கட்டி 600 கிராமுக்கு நாலைந்து கிராம் கூட. ஒரு தாயில் ஏறக்குறைய 38 கிராம். 1972-இல் எடை அளவைச் சட்டம் வந்து கிலோவுக்கு மாறினாலும், பசாரில் அதற்கப்புறமும் ரொம்ப நாள் கட்டிதான் ஓடியது. நான் குழந்தையாக இருந்தபோது மீன்காரர் கட்டிக் கணக்கில்தான் நிறுப்பார். இருந்தும் "கட்டி என்றால் சுமார் அரைக்கிலோ" என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். அம்மாயி கணக்குப்படி மல்லி 1,210 கிராம், சீரகம் 190. நான் போட்டது மல்லி 1,000, சீரகம் 250. மைக்ரான் பிசகினால் ஒரு முழு லாட்டையே நிறுத்தி வைக்கிறவள் நான். வீட்டில் ஆறு வருடம் இப்படி.

அங்கிள் என் பொட்டலங்களிலிருந்து சீரகம், சோம்பு, மிளகு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே வைத்தார். பக்கத்து மளிகைக் கடையில் மல்லி 210 கிராமும் மிளகாய் 105 கிராமும் வாங்கி வரச் சொன்னார். 105 கிராம் மிளகாய் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார், பரவாயில்லை.

"அரிசி எங்கம்மா?" என்றார் அடுத்து.

"எல்லாத்தோடயும் கலந்துதான் அரைப்பேன், இங்கே கடைசியாப் போட்டுக்கலாம்னு தனியா வெச்சிருக்கேன்" என்றேன். இந்த இடத்தில் அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பங்களாதேஷ் தம்பியும் சேர்ந்துகொண்டார். குழம்பு ஏன் கூழாகத் திரண்டது என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

அரிசி தூளில் சேர்வதற்கு இல்லை. ஒரு பிடியை முதலில் மெஷினில் விட வேண்டும். முன்னால் அரைத்தவருடைய மிச்சத்தையும் வாடையையும் அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதைத் தனியே தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் நம் சாமான். எல்லாம் முடிந்ததும் இரண்டாவது பிடி. கல்லின் சந்திலும் துணிக்குழாயின் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் தூளை அது துடைத்துக் கொண்டுவந்து கொடுக்கும். முன்னால் ஒரு பிடி அடுத்தவர் பொருள் நம்மிடம் வராமல் இருக்க, பின்னால் ஒரு பிடி நம் பொருள் அங்கே தங்காமல் இருக்க.

அம்மாயி கைக்குட்டையில் அரிசியை முடிந்து எடுத்து வருவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லெபு குயினில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறதே, மில்லுக்கு முன்னால் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வருவோம். அதனால் அந்த அரிசி ஏதோ சாமிக்கு வேண்டிக்கொண்டது, இல்லாவிட்டால் புறாவுக்குப் போடுவது என்று நினைத்திருந்தேன். மெஷின் பக்கத்தில் அதை என்ன செய்தார் என்று பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வழியும் இல்லை. மிளகாய் நெடி எனக்கு ஆகாது என்று ஐம்பது காசைக் கையில் கொடுத்து ஐஸ் வாங்கிக்கொண்டு ஐந்தடி வழியில் (கடை முன் நடைபாதையில்) நிற்கச் சொல்வார். நானும் சந்தோஷமாக நின்றேன். பக்கத்திலேயே நின்று பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், பேத்தியை மட்டும் தும்மல் வரும் என்று வெளியே அனுப்பிவிட்டார்.

விலை விவரம். கிலோவுக்கு ஐந்து வெள்ளி வாங்கினார்கள், எனக்கு மொத்தம் பன்னிரண்டு ஆனது. இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் மெஷினை ஓட்டமாட்டார்கள், அரைக்கிலோ ஒரு கிலோ வேண்டுமென்றால் பாக்கெட் தூளே போதும். வறுப்பது உங்கள் வேலை. கறிக்கு லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், மீனுக்கு வெயிலில் காய்ந்ததே போதும் என்பது அம்மாயி கட்சி. நான் அதற்கு மேல் வாதம் செய்ய மாட்டேன். பணம் கியூஆரிலும் கட்டலாம், ஆனால் அங்கிளின் போன் மேல்மாடியில் சார்ஜில் இருக்கும், யாராவது ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சில்லறையாகக் கொண்டு போவது உத்தமம். வெள்ளைச் சட்டை வேண்டாம். மாஸ்க் கட்டாயம். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் போகாதீர்கள், வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் என்று தம்பி சொன்னார். ஸ்டூல் விஷயத்தை அங்கிளிடமே சொல்லிவிட்டேன். "உக்காந்தா போனைப் பாப்பாங்கம்மா" என்றார். அதற்கு அப்புறமும் அந்த ஒரு நட்சத்திரத்தை நான் கொடுக்கவில்லை. முட்டி வலிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

நோட்டில் அவரே பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கிராமை எழுதிக் கொடுத்தார். எழுதி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன்.

கிளம்பும்போது சின்னப் பொட்டலம் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார். இரண்டாவது பிடி அரிசி, செம்மண் நிறத்தில் மாவாகி இருந்தது. "இது உங்களோடதுதான், விட்டுட்டுப் போகாதீங்க" என்றார். எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மில்லுக்குப் போய் வருகிற நாளில் எங்கள் வீட்டில் கண்டிப்பாகப் பொரித்த மீன் இருக்கும். வெளியே மொறுமொறு என்று, சிவந்த பொருக்கோடு. வேறு எந்த நாளிலும் அந்தப் பொருக்கு வராது, ஏன் என்று கேட்டால் அம்மாயி சிரிப்பார்.

திரும்பும் வழியில் பட்டர்வொர்த் பசாரில் மீன்காரர் கடையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஆறு கெம்போங் மிச்சம் இருந்தது. ஆறையும் வாங்கிவிட்டேன்.